வயிற்றுவலி என்று வருபவரிடம் மனதைக் கேட்பது

சிறுநீரக நோயாளிக்குப் பசியில்லை, தூக்கமில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை. நோயின் வேலையா, மனச்சோர்வா? இந்தக் குழப்பத்துக்காகவே ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983-இல் இங்கிலாந்தில் 14 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அமைத்தார்கள். உடல் உபாதைகளைப் பெரும்பாலும் அதில் சேர்க்கவில்லை. அதன் அரபு வடிவத்தை எல்-ருஃபாயியும் அப்சூதும் சவூதி நோயாளிகளிடம் சோதித்து 1987-இல் வெளியிட்டார்கள். மொழிபெயர்த்த கையோடு புழக்கத்தில் விடாமல் சோதித்ததற்கே அவர்களைப் பாராட்டலாம்.

ஆனால் அரபு நாடுகளில் துயரம் பலருக்கு நெஞ்சடைப்பாகவும் தலைவலியாகவும்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறது. உடலை ஒதுக்கிய படிவம் இவர்களைத் தவறவிடலாம். உலகச் சுகாதார நிறுவனம் சூடான், இந்தியா உட்பட நான்கு நாடுகளில் சோதித்த படிவத்தின் இன்றைய 20 கேள்வி வடிவம் தலைவலி, செரிமானம், கைநடுக்கம் எல்லாவற்றையும் கேட்கிறது. ‘ஆம்’, ‘இல்லை’ போதும். அதைச் சிறுநீரக வார்டுக்குக் கொண்டுபோனால் பாதிப் பேர் மனநோயாளி ஆகிவிடுவார்கள். எனவே வார்டுக்கு முன்னது, புறநோயாளிப் பிரிவுக்குப் பின்னது என்பேன். எல்லா இடத்துக்கும் ஒரே படிவம் என்பது நிர்வாகத்தின் வசதி மட்டுமே.

இன்னொரு சிக்கல் படிவத்துக்கு வெளியே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் எழுத்து அரபியை வட்டார வழக்கில் மாற்றி வாசிக்கிறார். பக்கத்தில் மகனோ கணவரோ இருக்கும்போது, உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற 20 கேள்வி வடிவத்தின் கேள்விக்கு, தற்கொலையைப் பெரும்பாவமாகக் கருதும் ஒருவர் என்ன பதில் சொல்வார்? ஆய்வில் தனியறை கிடைத்திருக்கும், புறநோயாளிப் பிரிவில் திரைச்சீலைதான்.

சோதிக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. மதிப்பெண் அறியாத மனநல மருத்துவர் நேர்காணல் செய்து ஒப்பிட வேண்டும் என்பது சரிதான். ஆனால் அதிக மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் அழைத்தால், தப்பியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். படிவம் உள்ளதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

எண்களையும் பார்ப்போம். நோயுற்றோரில் 80 சதவீதத்தையும் நோயற்றோரில் 80 சதவீதத்தையும் சரியாகப் பிரிக்கும் படிவம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 20 பேருக்கு நோய் இருந்தால், 16 பேரைச் சரியாகவும் 16 பேரைத் தவறாகவும் பிடிக்கும். 10 பேருக்கே நோய் என்றால், சரி 8, தவறு 18. படிவம் மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆகவே சவூதி மருத்துவமனை ஒன்றில் பிறந்த வெட்டுமதிப்பெண்ணை, அதாவது எத்தனை மதிப்பெண்ணிலிருந்து நோய் என்று கொள்வது என்ற எல்லையை, கெய்ரோ வார்டில் அப்படியே வைக்கக்கூடாது. அங்கே சில நோயாளிகளையாவது நேர்காணல் செய்துதான் அதை முடிவுசெய்ய வேண்டும்.