விதிகளில் நாமும் நாங்களும்

விதிமுறைகளை இலக்கியமாகக் கருதிப் படிப்பவர் இலர். சங்கமொன்றில் சேரும்போது கையில் தரப்படும் விதிப் புத்தகம், கையொப்பம் இட்ட மறுநாளே மேசை இழுப்பறைக்குள் உறங்கப் போய்விடுகிறது. பூசல் மூளும் நாளில்தான் அது விழித்தெழுகிறது. நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் விதி என்பதும் ஒருவர் எழுதிய உரைநடையே. எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதினார், எவரை எண்ணிப் பாராமல் எழுதினார் என்பனவற்றை ஒரு கதையைவிட வெளிப்படையாக அது காட்டிவிடும். திறனாய்வாளரின் கண் படாத இவ்வகை எழுத்தினை, உறுப்பினர்களே உடைமையாளராய் இருந்து இணையத்தில் நடத்தும் சமூக வலைகளின் பதிவு விதிகளைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வலைகளின் தோற்றத்தைச் சுருங்கச் சொல்வோம். 2016ஆம் ஆண்டில் செருமனியில் வாழும் ஆய்கென் ரோச்கோ என்னும் இளைஞர் மாஸ்டடான் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதனை எவரும் விலையின்றிப் பெற்றுத் தமக்கென ஒரு வழங்கியை அமைத்துக்கொள்ளலாம். ஓர் ஊர் அஞ்சலகம் இன்னோர் ஊர் அஞ்சலகத்தோடு கடிதம் பரிமாறிக்கொள்வதுபோல இவ்வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒவ்வொன்றிற்கும் தனி நிருவாகம் உண்டு. தனி விதிகளும் உண்டு. பல வழங்கிகள் ஒரு தனிமனிதரின் செலவிலும் உழைப்பிலும் நடப்பன. 2017இல் தோன்றிய சோஷியல்.கூப் அத்தகையதன்று. அது கூட்டுறவு முறையில் அமைந்தது. உறுப்பினர் தத்தம் இயல்புக்கேற்ற சிறு தொகை செலுத்துவர். வரவு செலவுக் கணக்கு எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கப்படுகிறது. விதியை மாற்ற வேண்டுமாயின் லூமியோ என்னும் கருவியில் கலந்துரையாடி வாக்களிப்பர். கனடாவில் கோசோஷியல் என்னும் வழங்கியும் இவ்வாறே உறுப்பினர் உடைமையாக நடக்கிறது.

அதே 2017ஆம் ஆண்டில், டுவிட்டர் நிறுவனத்தை அதன் பயனாளரிடமே கூட்டுறவாக விற்க இயலுமா என ஆராயவேண்டும் என்றொரு தீர்மானம் அந்நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த ஆதரவு 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஐந்தாண்டு கழித்து, 2022 அக்டோபரில், இலோன் மஸ்க் என்னும் ஒருவரே 4,400 கோடி டாலருக்கு அதனை வாங்கிக்கொண்டார். பயனாளர் வாங்குவது நடவாத கனவு என்றவர்கள், ஒரு மனிதர் வாங்கியபோது அதனை வணிகம் என்றனர்.

கூட்டுறவு என்பது நம் வாசகர்க்குப் புதிதன்று. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் முன்னோடிகள் 28 பேர் ஒரு சிறு கடையைத் திறந்து, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற நெறியை நிலைநாட்டினர் என்பதைப் படித்திருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரைப் பங்குடையவராக்கியதையும் அறிவோம். இரப்பர்த் தோட்டத்திற்குப் பொருந்திய இம்முறை பேச்சுக்கும் பொருந்துமா என்பதே இப்போது எழும் வினா. நிலத்தைப் பங்கிட அளவுகோல் உண்டு. பேச்சைப் பங்கிட விதி ஒன்றுதான் உண்டு. ஆகவேதான் அவ்விதியின் நடை ஆராய்வுக்கு உரியதாகிறது.

தமிழாசிரியன் ஒருவன் இவ்விதிகளைப் படிக்கப் புகுந்தால் முதலில் அவன் கண்ணில் படுவது ஒரு மூவிடப் பெயர். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ‘வீ’ என்ற ஒரே சொல்தான் உண்டு. கேட்பவனையும் உள்ளடக்கிப் பேசுகிறோமா, அவனை வெளியே நிறுத்திப் பேசுகிறோமா என்பதை அச்சொல் காட்டாது. தமிழில் நாம் என்பது வேறு, நாங்கள் என்பது வேறு. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையை நம் இலக்கணிகள் தனியே கண்டு வகுத்தனர். நம் நாட்டின் தேசிய மொழியாகிய மலாயிலும் ‘கித்தா’ எனவும் ‘காமி’ எனவும் இருவேறு சொற்கள் உள்ளன. நான்காம் ஆண்டு மாணவன்கூட இவ்விரண்டையும் மயங்கிப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இவ்விதிகளைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தால், ஒவ்வோர் இடத்திலும் நாம் என்பதா, நாங்கள் என்பதா எனப் பேனா தயங்கி நின்றுவிடுகிறது. அவ்வாறு தயங்கும் இடங்களெல்லாம் விதியின் உண்மை இயல்பு வெளிப்படும் இடங்கள் என்பது என் துணிபு.

பெரு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இத்தயக்கமே எழாது. உங்கள் கணக்கை நாங்கள் முடக்கலாம், உங்கள் பதிவை நாங்கள் நீக்கலாம், இவ்விதிகளை நாங்கள் அவ்வப்போது மாற்றலாம் என்று அவை பேசும். ஆண்டான் பேசும் நடை அது. அதில் ஒளிவுமறைவு இல்லை. கூட்டுறவு வலையின் விதியிலோ, ஒருவரை ஒருவர் மதிப்போம் என்னும் வரியில் வரும் தன்மைப் பன்மை நாம் என்பதாகிறது. விதியை மீறிய பதிவை நீக்குவோம் என்னும் வரிக்கு வந்ததும் அதே சொல் சத்தமின்றி நாங்கள் என மாறிவிடுகிறது. நீக்குபவர் மட்டுறுத்துநர் குழுவினர். அவர்களும் உறுப்பினர்தாம், தம் ஓய்வு நேரத்தைத் தந்து உழைப்பவர்தாம். ஆயினும் நீக்கப்படுபவன் அந்த நாமில் அந்நேரம் இல்லை. இருப்பதாகக் காட்டுவது, ஆண்டானின் வெளிப்படையான நடையைவிட ஒருவகையில் தீயது. அடிப்பவர் அடிக்கிறேன் என்று சொல்வதை ஏற்கலாம். நாம் அடிவாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே அடிப்பதை எங்ஙனம் ஏற்பது?

இனிச் சில விதிகளைத் தனித்தனியே நோக்குவோம். படத்தை இடுபவர் அதில் உள்ளதைச் சொற்களால் விளக்கி எழுதவேண்டும் என்பது இவ்வலைகளில் பரவலாக எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம். கண்பார்வையற்ற உறுப்பினரின் கருவி அவ்விளக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டும். மாஸ்டடானில் பதிவுக்கு வழக்கமாக இடப்பட்ட எல்லை 500 எழுத்துகள். பட விளக்கத்திற்கோ 1,500. பேச்சைவிட விளக்கத்திற்கு மும்மடங்கு இடம் தந்த மென்பொருளை நான் பாராட்டுகிறேன். இவ்விதியில் கடுஞ்சொல் இல்லை. காரணம் வெளிப்படையாக உள்ளது. பயன்பெறுபவர் யார் எனத் தெரிகிறது. இங்கே நாம் என்பது நாமே.

அடுத்த விதி அவ்வளவு எளிதன்று. மாஸ்டடானில் ஒரு பதிவின் மீது திரையிட வழியுண்டு. ‘உள்ளடக்க எச்சரிக்கை’ எனப்படும் அதில் ஒரு குறுந்தலைப்பு மட்டும் தெரியும். விரும்பியவர் அழுத்தித் திறந்து படிக்கலாம். கொடுமைக்கு ஆளானவர் எதிர்பாரா வேளையில் அக்கொடுமையைப் படித்து மனம் நொந்துவிடக் கூடாது என்ற பரிவு இதன் பின்னே இருக்கிறது. படம் பார்க்காதவர்க்குக் கதைமுடிவை மறைக்கவும் இது பயன்படும். தொடக்க கால உறுப்பினர் இதனை ஒரு பண்பாடாகவே வளர்த்தனர். நாளடைவில் உணவு, அரசியல், உடல்நலம் எனப் பலவற்றிற்கும் திரையிடும் வழக்கம் பரவிற்று.

2022 நவம்பரில் டுவிட்டரை விட்டுப் பெருந்திரளானோர் இங்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் அமெரிக்கக் கறுப்பின மக்களும் இருந்தனர். தாம் அன்றாடம் எதிர்கொள்ளும் இனவெறியைப் பற்றி அவர்கள் எழுதியபோது, இதற்குத் திரையிடுங்கள், இங்கே அதுதான் வழக்கம் என்று பழைய உறுப்பினர் சிலர் கூறினர். அப்படிக் கூறியவர்கள் தீயவர் அல்லர் என்றே நினைக்கிறேன். புதிதாக வந்தவர்க்கு வீட்டு வழக்கத்தைச் சொல்லித் தருவதாகவே அவர்கள் எண்ணியிருப்பர். ஆனால் கேட்டவர் காதில் அது எவ்வாறு விழுந்தது? எம் வாழ்க்கை உமக்கு எச்சரிக்கைக்குரிய பொருளோ என்னும் வினா பலரிடமிருந்து எழுந்தது. சிலர் வந்த வழியே திரும்பினர். நொந்தவரைக் காக்க நெய்யப்பட்ட திரை, நொந்தவரின் வாயை மூடப் பயன்பட்டுவிட்டது.

இந்நிகழ்ச்சி ஒரு வழங்கியில் மட்டும் நடந்ததன்று. மாஸ்டடான் உலகம் முழுவதும் பேசப்பட்டது. கூட்டுறவு வழங்கியின் உறுப்பினரும் அவ்வுலகில் வாழ்பவரே. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். விதியின் ஓரெழுத்துகூட மாறவில்லை. எழுதப்பட்டபோது நாம் என்றிருந்த சொல், பழையவர் வாயில் புகுந்து நாங்கள் ஆயிற்று. இங்கு முன்பே இருக்கும் நாங்கள் இப்படித்தான் பேசுவோம் என்பதே அவ்வறிவுரையின் உட்பொருள். தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம், இங்கே அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று வகுப்புத் தலைவன் சொல்வதைக் கேட்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். சொல்லப்பட்டது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையின் இலக்கணத்தை வகுத்தபோது அப்பிள்ளை அங்கே இல்லை.

இதே நோக்கில் இன்னொரு செய்தியையும் கருதலாம். 2019 நவம்பரில், இந்திய வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர்க் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி, இந்தியர் பலர் மாஸ்டடானுக்கு வந்தனர். ரோச்கோ தொடங்கிய மாஸ்டடான்.சோஷியல் என்னும் பெரிய வழங்கியின் விதிகளில், இனவெறி முதலிய தீமைகளின் வரிசையில் சாதியமும் இடம்பெற்றுள்ளது. சாதி என்பது ஐரோப்பியர் எழுதும் விதிகளில் தானாக வந்து உட்காரும் சொல்லன்று. அதன் கொடுமையை அறிந்தவர் வந்ததால்தான் அதற்கு இடம் கிடைக்கிறது. இதனைப் படிக்கும் தமிழர் மகிழ்வதில் வியப்பில்லை. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவ்வழங்கி உறுப்பினர் உடைமையன்று. அங்கே ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும் நடத்துவோரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. கூட்டுறவு வலையில் அதே சொல்லைச் சேர்க்க வேண்டுமாயின், உறுப்பினர் ஒருவர் எழுந்து, சாதி என்பது யாது என மற்றவர்க்கு விளக்கி, வாக்கு வேண்டவேண்டும். அது காலம் பிடிக்கும் வேலை. மனத்தைச் சோர்வுறச் செய்யும் வேலை. பெரும்பான்மையோர் அறியாத துன்பத்தைப் பெரும்பான்மையோரிடமே மெய்ப்பித்தாக வேண்டிய நிலை, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்னும் நெறியின் உள்ளே இருக்கும் முள்ளாகும். கூட்டுறவைப் போற்றுவோர் இம்முள்ளைப் பற்றிப் பேசுவதில்லை.

லூமியோவின் வாக்குமுறை இதற்குச் சிறிது மருந்திடுகிறது. நியூசிலாந்தில் தொழிலாளர் கூட்டுறவு ஒன்று உருவாக்கிய அக்கருவியில் உடன்பாடு, நடுநிலை, மறுப்பு என்பவற்றோடு ‘தடை’ என நான்காவது ஒன்றும் உண்டு. மறுப்பு எனின், எனக்கு உடன்பாடில்லை, ஆயினும் நடக்கட்டும் என்பது பொருள். தடை எனின், இது நடந்தால் எனக்கோ நம் அமைப்பிற்கோ கேடு வரும் என்பது பொருள். ஒரே ஒருவரின் தடையையும் மற்றவர்கள் நின்று கேட்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியுள்ளது. கைகளை எண்ணி முடிவுகட்டும் நம் பொதுக்கூட்டங்கள் கற்றுக்கொள்ளத்தக்க முறை இது. எனினும் வாக்களிக்க வாராதவரின் மௌனத்தை எந்தக் கருவியும் எண்ணிக் காட்டுவதில்லை.

வெளியேறும் உரிமையைப் பற்றியும் ஒரு சொல். விதி பிடிக்காதவர் வேறு வழங்கிக்கு மாறலாம்; அவரைப் பின்தொடர்வோரும் உடன் மாற்றப்படுவர். ஆனால் அவர் எழுதிய பழைய பதிவுகள் மாறா. பள்ளி மாறும் மாணவனுக்கு ஏடுகள் உடன் வரும், தோழர்கள் வாரார். இங்கே தோழர்கள் வருகின்றனர், ஏடுகள் நின்றுவிடுகின்றன. எது பெரிய இழப்பு என்பதை எழுத்தாளர்களாகிய நம்மிடம் கேட்டால் விடை பலவாறாக வரும்.

குறை சொன்னவன் திருத்தமும் சொல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த பாடம். திரை விதியை நான் இவ்வாறு எழுதுவேன்: தன் துன்பத்தைப் பற்றித் தான் எழுதும் பதிவுக்குத் திரையிடுவதா, இல்லையா என்பது எழுதுபவரின் உரிமை, பிறர் அதனைக் கேட்டுப் பெறலாகாது. குருதி தோய்ந்த படம், காமப் படம் போன்றவை தனியே பெயர்சொல்லி வகுக்கப்படட்டும். அவற்றிற்குத் திரை கட்டாயம் ஆகட்டும். நீக்கும் அதிகாரத்தைச் சொல்லும் இடத்தில் தன்மைப் பன்மையை அறவே விலக்கி, மட்டுறுத்துநர் குழு நீக்கும் எனப் படர்க்கையில் எழுதவேண்டும். அப்போதுதான் நீக்கப்பட்டவர், அக்குழு தன் பதிவை எந்த விதியின்கீழ் நீக்கியது எனக் கேட்க முடியும். அவ்விதியையே மாற்றக் கோரி மற்ற உறுப்பினர்முன் வாக்குக் கேட்டு நிற்கவும் முடியும்.