ஒரே சூரியன், இரண்டு மேஷம்

ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தவர் ஆங்கிலப் பத்திரிகையின் ராசிபலன் பக்கத்தில் 'ஏரீஸ்', அதாவது மேஷம். அவருடைய ஜாதகக் கட்டத்திலோ சூரியன் மீனத்தில் உட்கார்ந்திருப்பார். எது சரி என்று ஆரம்பித்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும். எது எங்கிருந்து அளக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், பஞ்சாங்கத்திலும் வானத்திலும் ஒருசேர ருசி தட்டும். பலன் பலிக்குமா என்பது வேறு வழக்கு. இங்கே பேச்சு அளவுகோலைப் பற்றி மட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைக் களைந்துவிடுவோம். 'என்ன ராசி?' என்று நம் ஊரில் கேட்டால், பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியைச் சொல்வோம். மேல்நாட்டுப் பத்திரிகைகள் சொல்வது சூரியன் நின்ற ராசி. ஒப்பிடுவதானால் சூரியனைச் சூரியனோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு ஜாதகத்தைப் பிரிக்கக்கூட வேண்டாம், பிறந்த தமிழ் மாதம் போதும். சித்திரையில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில், இப்படியே போய்ப் பங்குனியில் மீனத்தில்.

எங்கே பிரிகின்றன?

சூரியன் ஓராண்டில் சுற்றிவரும் வான்பாதை 360 பாகை. அதை 30 பாகை வீதம் பன்னிரண்டாகப் பிரிப்பதில் இரண்டு முறைகளுக்கும் தகராறே இல்லை. எண்ணத் தொடங்கும் புள்ளியில்தான் தகராறு. மேல்நாட்டுப் பத்திரிகைகளின் சாயன முறை பருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும்போது சூரியன் எங்கே நிற்கிறதோ, அங்கே அதற்கு மேஷம் பிறக்கிறது. நம் ஜாதகத்தின் நிராயன முறை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்று பெரும்பாலோர் கையாளும் சித்திரபட்சக் கணக்கில், சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்புள்ளிதான் மேஷத்தின் தொடக்கம்.

இந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றாக நிற்பதில்லை. பம்பரம் சுழன்றபடியே தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் சமநாள் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே ஆண்டுக்குச் சுமார் 50 விகலை பின்னே நகர்கிறது. 72 ஆண்டுகளில் ஒரு பாகை. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள். கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்த நகர்வைக் கண்டுபிடித்ததும் இதே சித்திரை நட்சத்திரத்தை வைத்துத்தான். அதன் இடத்தைத் தமக்கு முன் வாழ்ந்த திமோகாரிஸின் அளவோடு ஒப்பிட்டார், வித்தியாசம் தெரிந்தது. சித்திரபட்சக் கணக்குப்படி கி.பி. 285 வாக்கில் இரண்டு மேஷங்களும் ஒன்றாக இருந்தன. இன்றைய இடைவெளி 24 பாகைக்குச் சற்று மேல். அதற்குத்தான் அயனாம்சம் என்று பெயர்.

இரவில் பாருங்கள்

நிராயனத்தின் ஆதாரத்தை நேரில் பார்க்க உகந்த நாள் சித்திரை முதல் தேதி. அன்று சூரியன் சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிரே இருப்பதால், மேற்கே அது மறையும் வேளையில் கிழக்கே நட்சத்திரம் உதிக்கும். இருட்டியபின் எட்டு மணிக்குமேல் கிழக்கில், சற்றுத் தெற்கே ஒதுங்கி, நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். அடையாளம் சந்தேகமானால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அதன் வாலின் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் செம்மஞ்சளாகச் சுவாதி, அடுத்துச் சித்திரை. நள்ளிரவில் அது தெற்கு வானில் உயர ஏறி நிற்கும், விடியும்போது மறையும். சித்ரா பௌர்ணமியன்று முழுநிலவு இதன் பக்கத்தில் நிற்பதையும் தவறவிடாதீர்கள்.

பகலில் பாருங்கள்

சாயனத்துக்கு நட்சத்திரம் வேண்டாம், நிழலும் அடிவானமும் போதும். மார்ச் சமநாளில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். சித்திரை முதல் தேதிக்குள் ஒன்பது பாகைக்குமேல் வடக்கே தள்ளிப் போயிருக்கும். அந்த நாட்களில் மதுரை, விருதுநகர் வட்டாரத்தில் உச்சிவேளையில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. சென்னைக்கு அந்த நாள் ஏப்ரல் 24, 25 வாக்கில் வரும்.

மார்கழியிலிருந்து மொட்டைமாடியில் நின்று சூரியன் உதிக்கும் இடத்தைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். அது சாயன மகரம். நாம் உத்தராயணம் பிறந்ததாகக் கொண்டாடுவது தை முதல் தேதியில். அது நிராயன மகரம். பள்ளிக்கூட நிலப்படத்தில் உள்ள கடக ரேகையும் மகர ரேகையும் சாயனக் கணக்கைச் சேர்ந்தவை.

பஞ்சாங்கத்தில் பாருங்கள்

திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் அயனாம்சத்தின் அளவைப் பாகை, கலையில் அச்சிட்டிருப்பார்கள். சாயன நிலையிலிருந்து அதைக் கழித்தால் நிராயன நிலை. இடைவெளி 24 பாகை என்பதால், 30 நாளில் ஏறக்குறைய ஆறு நாள்தான் இரண்டு முறைகளும் ஒரே ராசியைச் சொல்லும். ஏப்ரல் 14 முதல் 19 வரை பிறந்தவர்களுக்கு இரண்டிலும் மேஷமே.

மேக்நாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21-க்கு அயனாம்சத்தை 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தது. குழுவின் செயலாளர் என்.சி. லாகிரியின் பெயரால்தான் 'லாகிரி அயனாம்சம்' என்கிறோம். அதே குழு வகுத்த தேசிய நாட்காட்டியின் ஆண்டோ மார்ச் 22-இல், சமநாளை ஒட்டிப் பிறக்கிறது. நாள் எண்ணப் பருவம், ராசி எண்ண நட்சத்திரம் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

நிராயனத்துக்குள்ளும் ஒருமித்த கருத்து கிடையாது. ஜோதிடர் பி.வி. ராமனின் அயனாம்சம் லாகிரியைவிட ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைவு. ஒரு நட்சத்திர பாதமே 3 பாகை 20 கலைதான் என்பதால், விளிம்பில் நிற்கும் கிரகம் பாதம் மாறும், சில சமயம் ராசியே மாறும். இன்னொன்று, நிராயன மேஷமும் கண்ணுக்குத் தெரியும் மேஷ விண்மீன் கூட்டமும் ஒன்றல்ல. வானத்துக் கூட்டங்கள் சிறிதும் பெரிதுமாக இருக்கின்றன, ராசிகளோ சம அளவில் வெட்டப்பட்டவை.

பருவத்தை அளக்கச் சாயனம் சரி, நட்சத்திரத்தோடு ஒப்பிட நிராயனம் சரி. இனி யாராவது உங்கள் ராசி மாறிவிட்டது என்று சொன்னால் பதறாதீர்கள். எந்த அயனாம்சம் என்று மட்டும் கேளுங்கள்.