நீரும் ஊரும்: சேரி எங்கே?

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காமல் போவதில்லை. புதுவை அரசின் சின்னத்திலும் அதுதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது தாசி வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னார். ஆயி என்ற அந்தப் பெண் தானே இடித்துக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்கி, வீடு இருந்த இடத்தில் குளம் வெட்டினாள். பிற்பாடு பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழும்பியது.

இதை 'ஆயியின் தியாகம்' என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். தியாகமா, தண்டனையா? தப்பாகக் கும்பிட்டது ராசா. இடிந்தது பொம்பள வீடு. அவமானத்தை அவள் தண்ணீராக மாற்றினாள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கதை இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறது. குளத்தை வெட்டி மண் சுமந்தது யார்? வெட்டிய குளத்தில் இறங்கி மொள்ள யாருக்கு உரிமை இருந்தது? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் வருசத்துச் சேதி ஒன்று இருக்கிறது. இதே பட்டணத்து மாதா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர்களுக்கும் நடுவே சுவர் இருந்ததையும், அதை இடிக்கப்போய்க் கலகம் வந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சாமி முன்னாலேயே சுவர் வைத்த ஊர், குளத்தை மட்டும் திறந்து விட்டிருக்குமா?

குளம் வெட்டியவர் பெயரைச் சொல்லும் கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், திருப்புன்கூரில் கோயிலுக்குப் பக்கத்தில் குளம் அமைக்கிறார். நந்தி விலகுகிறது, வாசல் திறப்பதில்லை. உழைப்பு கோயிலுக்கு வேண்டும், உழைத்த உடம்பு வேண்டாம். பழந்தமிழில் 'தொடு' என்றால் தோண்டு. தீண்டு என்றும் பொருள். மணற்கேணி பற்றிய குறளில் அந்த முதல் பொருள் வருவது மாணவர்களுக்குத் தெரியும். ஒரே சொல்லை இரண்டாக வெட்டியதுதான் சாதியின் வேலை. ஒரு அர்த்தத்தில் தொடலாம், இன்னொரு அர்த்தத்தில் தொடக்கூடாது.

இது இலக்கணம் மட்டும் இல்லை. எங்க ஆயா ஏரி தூரெடுக்கும்போதெல்லாம் மண் கூடை சுமந்தவங்க. தண்ணிக்கு மட்டும் கரையிலேயே குடத்தோட நிக்கணும், ஊர்க்காரங்க யாராச்சும் மனசு வச்சு மேலே இருந்து ஊத்தணும். "மண்ணு தூக்கறப்போ எறங்கலாம், தண்ணி மொள்ளறப்போ எறங்கக்கூடாது, அதே கால்தானேடா?" என்று கேட்பாங்க. எம்.ஏ. வகுப்பில் நான் படித்த எந்த விமர்சன நூலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

2019-இல் புதுச்சேரி மாவட்ட நிர்வாகம் குளம், ஏரிகளை மீட்க 'நீரும் ஊரும்' என்ற பெயரில் இயக்கம் தொடங்கியது. வேலை அவசியமான வேலைதான். 84 ஏரிகள் கொண்ட பகுதி இது. ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்ச உறிஞ்ச, கடலோர நிலத்தடியில் உப்பு ஏறுகிறது. மழைத்தண்ணியைத் தேக்கி மண்ணுக்குள் இறக்க ஏரியும் குளமும்தான் கைகொடுக்கும். ஆனால் பெயரைப் பாருங்கள். தமிழில் 'ஊர்' என்றால் முழுக் கிராமம் இல்லை. ஊர் வேற, சேரி வேற. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் வரும் சொல்லில்தான் சாதி சவுகரியமாக உட்கார்ந்திருக்கும்.

தீட்டையும் மாசையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு அந்தக் குளத்தைச் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். குளம் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. மனிதர் கை பட்டால் தீட்டு. நகரத்துச் சாக்கடை முழுசும் குளத்தில் கலந்து ஆகாயத்தாமரை மூடினால் யாரும் தீட்டு என்பதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரிய வந்தது. சாதிக்கு எது சுத்தம், எது அசுத்தம் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசியல் சட்டம் 15(2) கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே உரிமை தருகிறது. அதை வைத்துச் சூழலியல் தோழர்களிடம் நாலு கேள்வி கேட்போம். நடைபாதையும் விளக்கும் போடுவதற்கு முன்னால் வரத்துவாய்க்காலைத் திறந்தீர்களா, சாக்கடையைத் திருப்பினீர்களா? சேரிப் பக்கம் ஒரு படித்துறை உண்டா, இல்லை கம்பிவேலியும் நுழைவுச்சீட்டும்தானா? ஆக்கிரமிப்பு என்றதும் கரையில் உள்ள குடிசைதான் கண்ணில் படுகிறதா, ஏரிக்குள் எழும்பிய கட்டடங்கள் படவில்லையா? தூர்வாரும்போது சாக்கடைக்குள் யாரை இறக்குகிறீர்கள்? கையால் மலம் அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

மதகு திறந்த மடையானும் வரப்பில் காவல் நின்ற நீர்க்கட்டியும் பல ஊர்களில் நம்ம ஆட்கள்தான். எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். குளத்துக்கான குழுவில் அவர்களும், குடம் தூக்கும் பெண்களும் முடிவு சொல்லும் இடத்தில் உட்காரட்டும். ஆயிக்கு மண்டபம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மண் சுமந்த எங்க ஆயாவுக்கு மண்டபம் வேண்டாம். தண்ணி வரை இறங்குகிற படி போதும்.