விழுந்த பழத்தில் கிண்டிய கர்ட்

பழச்சாறை முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் கிண்டுவது கர்ட். தாம்பரத்தில் மாம்பழக் கர்ட் கட்சிக்காரர்கள்தான் அதிகம். மே மாதம் ஷண்முகம் சாலையில் பங்கனப்பள்ளி குவிந்து கிடக்கும்போது அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. நிறம் உண்டு, வாசனை உண்டு, கிலோ கணக்கில் கிடைக்கிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். புளிப்பு வேண்டும். பங்கனப்பள்ளியை அப்படியே வெண்ணெயிலும் மஞ்சள் கருவிலும் கிண்டினால் வருவது திகட்டும் ஒரு கூழ். எலுமிச்சை பிழிந்துதான் அதை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. பிழிந்த பிறகு நாக்கில் முதலில் நிற்பது எலுமிச்சை, மாம்பழம் பின்னால் போய்விடுகிறது. முழுக்கப் பழுக்காத கிளிமூக்கில் செய்தால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். அன்னாசிக்காரர்கள் பாடு வேறு. பச்சைச் சாறில் இருக்கும் புரோமிலைன் முட்டையின் புரதத்தை அறுத்துவிடும் என்பதால் முதலில் சாறைக் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்ததும் அந்த வாசனையில் பாதி ஆவியோடு போகும். பப்பாளியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கர்ட்டுக்கென்றே பிறந்த பழம் தாட்பூட், அதாவது பாஷன் ஃப்ரூட். அதிலும் மஞ்சள் தாட்பூட்.

இங்கே இன்னொரு சண்டை இருக்கிறது. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் விளையும் ஊதாப் பழத்தைத்தான் பெரும்பாலானவர்கள் உயர்வாகச் சொல்கிறார்கள். கொடைக்கானல் போய்த் திரும்புகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது கையில் ஒரு பை ஊதாப் பழம் இருக்கும். கரண்டியால் தோண்டிச் சாப்பிட அது அருமையான பழம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்பில் ஏறியதும் அதன் இனிப்பு சர்க்கரையோடு சேர்ந்து கரைந்துபோகிறது. மஞ்சள் பழம் பெரியது, சாறு கூடுதல், பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. அத்தனை வெண்ணெயையும் முட்டையையும் தாண்டி வெளியே வந்து பேசுவதற்கு அந்தப் புளிப்பால்தான் முடியும். ஹவாய்த் தீவுகளில் லிலிகோய் என்று கொண்டாடப்படுவதும் இதே மஞ்சள் பழம்தான். அங்கே லிலிகோய் பட்டர் என்று புட்டியில் அடைப்பது அசலான கர்ட். மஞ்சள் தாட்பூட் மலைப்பழம் அல்ல, சமவெளியின் சூட்டைத் தாங்கும் கொடி. நம் சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் பொருந்தும் கொடி.

பழம் விழ வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தாட்பூட் பழுத்தால் தானாகக் காம்பை விட்டுக் கீழே விழும். விடியற்காலையில் கொடியடியில் கிடப்பதைப் பொறுக்கி, இரண்டொரு நாள் கூடையில் வைத்துத் தோல் சுருங்கவிட வேண்டும். தோல் சுருங்கச் சுருங்க உள்ளே மணம் கூடுகிறது. கடையில் வழவழவென்று பளபளக்கும் பழத்தைப் பொறுக்கி எடுத்து, சுருங்கியதை அழுகல் என்று ஒதுக்குகிறார்கள். வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்பதால் விற்கிறவர்களும் பழுக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். பறித்த பழத்தில் புளிப்பு மட்டும் இருக்கும், வாசனை இருக்காது. அதில் செய்த கர்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் எலுமிச்சைக் கர்ட்டா இதுவா என்றே தெரியாது.

அடுத்தது விதை. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளேடு பட்டதும் விதை உடைகிறது. உடைந்த துணுக்குகள் வடிகட்டியைத் தாண்டி இறங்கி, மஞ்சள் சாறில் சாம்பல் பொடி தூவியதுபோல் மிதக்கும், லேசான கசப்பும் ஏறும். சல்லடையில் போட்டு மரக்கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்ப்பதே வழி. சதைப்பை கிழிந்து சாறு மட்டும் இறங்க வேண்டும், மேலே கருப்பு விதைகள் நனைந்து மினுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த விதைகளை முழுக்க எறிந்துவிடக் கூடாது. கர்ட் இறக்கி ஆறியபின் ஒரு தேக்கரண்டி விதையைத் திருப்பிக் கலக்குங்கள். வழுவழுப்புக்கு நடுவே நறுக்கென்று ஒரு கடி. வழுவழுப்புதான் கர்ட்டின் அழகு, விதை அதைக் கெடுக்கிறது என்பார்கள். அந்தக் கடி இல்லாத தாட்பூட் கர்ட்டில் இரண்டாவது கரண்டிக்குப் பிறகு நாக்கு தூங்கிவிடுகிறது என்பதே என் அனுபவம். ஒரு தேக்கரண்டிதான், அதற்கு மேல் போனால் மணலாகிவிடும்.

150 மில்லி சாறுக்கு நான்கு மஞ்சள் கரு, ஒரு முழு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் நல்லது, மோர் வாடை போகக் குளிர்ந்த நீரில் அலசிக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. புளிப்பு அதைத் தின்று, கர்ட்டில் உலோக வாடை ஏறும், நிறமும் மங்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் பழைய எனாமல் கிண்ணம் தேடினால் அகப்படும். உள்ளே பூச்சு பெயராததாகப் பார்த்து எடுத்துவிட்டால் இந்த வேலைக்கு அதைப்போல் ஒன்று இல்லை. 70 டிகிரி தாண்டியதும் கலவை கனக்கத் தொடங்கும், 77 வாக்கில் இறக்கிவிட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு மூடாமல் நின்றால் பதம். வெண்ணெய் அடுப்பில் சேர வேண்டியதில்லை. இறக்கிய பிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற துண்டுகளாக, ஒன்று கரைந்தபின் ஒன்று. கத்திரி வெயிலில் மேடையிலேயே வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிடும், அது கர்ட்டோடு சேராமல் மேலே பிரிந்து நிற்கும். அந்த நாட்களில் விடிவதற்குள் கிண்டி முடித்துவிடுவது உத்தமம்.

சின்ன வயதில் தாம்பரம் ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் தட்டில்தான் கர்ட்டை முதன்முதலில் ருசித்தேன். அது எலுமிச்சைக் கர்ட். கட்டைவிரல் அகல டார்ட்டில் பாதி அளவே நிரப்பியிருப்பார். அத்தனை சுருக்கென்று இருந்தால் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. இன்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகப் பேக்கரிகளில் ‘பாஷன் ஃப்ரூட்’ என்று எழுதிய கேக்குக்குள் இருப்பது சோளமாவில் கெட்டியாக்கிய மஞ்சள் ஜெல், அதில் எசன்ஸ். முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, விதை மட்டும் அலங்காரத்துக்கு மேலே இருக்கிறது. முட்டை வேண்டாம் என்பவர்களுக்காகச் செய்தால் புரிந்துகொள்ளலாம், அதற்கு வேறு பெயர் வைக்கட்டும். குழந்தைகள் இதுதான் தாட்பூட் ருசி என்று பழகி, அசலைக் கொடுத்தால் முகத்தைச் சுளித்துச் சர்க்கரை கேட்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

பழம் நன்றாக இருந்தால் இதெல்லாம் திருந்தும். ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பக்கம் தோட்டத்தோடு இருந்த வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன, வேலியில் ஏறிய கொடிகளும் போயின. இருந்தாலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் போதும், பெரிய தொட்டியில் வளரும். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை என்று வெட்டிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் தாட்பூட் தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே கொடியின் தண்டை வெட்டி நட்டு இரண்டாக்கினால் பலனில்லை. பூ நண்பகலில்தான் விரியும். அந்த நேரத்தில் ரீங்காரமிட்டுக்கொண்டு வரும் பெரிய கருவண்டுதான் மகரந்தத்தைச் சுமந்து போகும், சின்னத் தேனீயின் முதுகு அந்தப் பூவின் உயரத்துக்கு எட்டாது. அந்த வண்டை விளக்குமாற்றால் அடித்துவிடாதீர்கள். வராவிட்டால் மத்தியானம் மாடியேறி, ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு மற்றக் கொடியின் பூவில் வையுங்கள். இரண்டரை மாதத்துக்குள் பழம் விழும்.