பட்டு போர்த்திய பேழைகள்: ஆரணியிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐரோப்பியப் பேழை என்றதும் பொன்னும் தந்தமும்தான் நினைவுக்கு வரும். பட்டு போர்த்திய பேழைகளும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீட்டுச் சிறுமிகள் பூத்தையல் போட்டு உருவாக்கியவை அவை. தறியோடு பிழைக்கும் ஆரணி இவற்றை எடைபோடத் தகுந்த ஊர்.

வெள்ளை சாட்டின் பட்டில் பைபிள் கதைமாந்தர்களையும் பூ, பறவைகளையும் சிறுமிகள் தைத்தார்கள். சில உருவங்களை அடியில் கம்பளி திணித்துப் புடைக்க வைத்தார்கள். தைத்த துண்டுகளைக் கைவினைஞர்கள் மரப்பெட்டிமேல் ஒட்டி, உள்ளே இழுப்பறை, கண்ணாடி, மைக்கூடு, ரகசிய அறை எல்லாம் அமைத்தார்கள்.

இந்தப் பேழைகளின் முதல் பலம் பயிற்சி. மார்த்தா எட்லின் என்ற சிறுமி 1668இல், எட்டு வயதில், வண்ணநூல் மாதிரித்துணி தைத்தாள், மறு ஆண்டு வெள்ளைநூல் தையல், 1671இல் பேழை. மூன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. தொழிலைப் படிப்படியாகக் கையில் ஏற்றிய முறைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரண்டாவது பலம் பொருள். பட்டிழைமேல் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிய இழையும் இந்தப் பேழைகளில் உண்டு. நம் அசல் சரிகையும் அதே நுட்பம்தான்.

குறை, பட்டை மரத்தோடு ஒட்டியதில் இருக்கிறது. ஈரத்திலும் வெயிலிலும் மரம் விரிந்து சுருங்கும். ஒட்டிய பட்டு அதோடு இழுபட்டு விளிம்புகளில் கிழியும். வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும், வெள்ளி கறுக்கும். பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்துக் காற்றாடவிட்டு, மடிப்பு மாற்றி வைக்கிறோம். பேழைப் பட்டுக்கு அந்த வழியே இல்லை. மூடியை மூடினால் உள்ளே உள்ள நகைக்குக் காவல். வெளியே உள்ள பட்டுக்குக் காவல் ஏது?

உழைப்பைப் பதிவுசெய்ததிலும் நிறையும் குறையும் உண்டு. ஹன்னா ஸ்மித் என்ற சிறுமி, தன் பேழை 1656இல் லண்டனில் உருப்பெற்றதாகக் கைப்பட எழுதி அதற்குள்ளேயே வைத்தாள். அதனால் அவள் பெயர் நிலைத்தது. பெட்டியாகக் கட்டிக்கொடுத்தவர் யாரென்று அந்தத் தாள் சொல்லவில்லை.

கைத்திறனில் உச்சம், பொருளைப் பேணுவதில் சறுக்கல் என்பதே என் முடிவு. பட்டைப் பேணுவதில் அவர்களுக்கு நாம் சொல்லித்தரலாம். பெயரைப் பேணுவதில் நாம்தான் கற்க வேண்டும். பட்டின் தூய்மைக்கு முத்திரை இருக்கிறது, கடைக்குப் பெயர்ச்சீட்டு இருக்கிறது. ஆரணிச் சேலை ஒவ்வொன்றோடும் நெய்தவர் பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு சீட்டை வைக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் முன்வர வேண்டும்.