நடுநிலையும் நியாயமும்

விவரணப்படம் நடுநிலை பேணவேண்டும் என்போர், கலையின் பெயரால் வலியோர் பக்கமே சாய்கின்றனர் என்பது எமது துணிபு. கனடாவின் அபெனாக்கிப் பூர்வகுடிக் கலைஞர் அலனிஸ் ஒபொம்சவினின் படைப்புக்களே இதற்குச் சான்று.

1971இல் விடுதிப் பாடசாலைக் கிறீச் சிறுவரின் ஓவியங்களைக் கொண்டே முதற்படத்தை ஆக்கினார் இவர். 1990இல் கோல்ப் மைதான விஸ்தரிப்பை எதிர்த்து மோஹோக் மக்கள் ஓக்காவில் நடத்திய 78 நாட் போராட்டத்தை, அவர்தம் அரணுக்குள் நின்றே படமாக்கினார். 1993இல் வெளிவந்த அப்படம், நிலப்பறிப்பின் 270 ஆண்டு வரலாற்றையும் எடுத்துரைக்கின்றது. மக்களின் சினத்தைக் காட்டுவதோடு நில்லாது அதன் காரணத்தையும் புலப்படுத்துவதே அதன் கலைவெற்றி. விளக்கவுரை சிற்சில இடங்களிற் காட்சியை முந்துவது குறையே. ஆயினும், அரச நிறுவனமான தேசியத் திரைப்படச் சபையின் பணத்திலேயே, அரச இராணுவத்துக்கு எதிர்ப்புறம் கமெராவை நிறுத்திய துணிவு, பேனா பிடிப்போரும் கற்கத்தக்கதாகும்.