வகுப்பு இலவசம், நாள் யார் கணக்கில்?

மலையகத்துச் சாதனைக் கதைகளுக்கு இது நல்ல காலம். கொழுந்து பறித்துக்கொண்டே பட்டம் பெற்றவர், நாற்பது வயதில் சாதாரண தரம் எழுதி முன்பள்ளி ஆசிரியையானவர், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து சட்டம் படிக்கப் போனவர் என்று வார இதழைப் பிரித்தால் யாராவது ஒருவரின் படம் இருக்கிறது. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நினைவாக, ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்த பிறகு இத்தகைய கதைகளைத் தேடி வாசிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. குறை, அந்தக் கதைகளோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வாதத்தில். வேலையையும் விடாமல் படிப்பையும் விடாமல் போராடி வந்தவரே படிப்பின் அருமை தெரிந்தவர், ஆர்வமுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சிரமம்தான் என்கிறார்கள். எங்கள் தெஹியோவிட்டப் பக்கம் சான்றிதழ் வழங்கும் மேடைகளில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் வாதம் பிழை.

வளர்ந்தபின் படிக்கத் திரும்புவதால் பயனில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே வர இடம் வைத்திருக்கிறது. தேசிய தொழிற் தகைமை முறையில், கைத்தொழில் தெரிந்த ஒருவர் வகுப்பில் உட்காராமலே, தெரிந்ததைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். கொழும்பில் பல வருடம் வயரிங்கும் மேசன் வேலையும் செய்துவிட்டு ஊர் திரும்பிய பையன்களுக்கு அது பெரிய வாசல். லயத்துக் காம்பராவில் அம்மா புத்தகத்தை விரித்தால் பிள்ளையும் விரிக்கிறது என்பதும் உண்மை. சப்ரகமுவவில் தமிழில் நடக்கும் தொழிற்பயிற்சி வகுப்புகள் அரிது என்ற குறை பெரியதுதான். அதைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள்.

என் ஆட்சேபம் பழையது, ஒன்றே ஒன்று. வகுப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுக்க எல்லோரும் முன்வருகிறார்கள். வகுப்புக்குப் போகிற நாளின் சம்பளத்துக்கு ஒருவரும் பொறுப்பேற்பதில்லை.

நாட்சம்பளக்காரருக்கு நாள் என்றால் என்ன என்பது மாதச் சம்பளக்காரருக்கு அவ்வளவு எளிதில் விளங்காது. எங்கள் பகுதித் தோட்டங்களில் தேயிலையைப் போலவே ரப்பரும் சோறு போடுகிறது. பால் வெட்டப் போகிறவர் இருட்டோடு எழுந்து, விடியும்போது மலையில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபார்த்து, முந்நூறுக்குக் கிட்டிய மரங்களை முடிக்க வேண்டும். பால் வடிந்து முடியும்வரை காத்திருந்து, திரும்பவும் அதே மரங்களைச் சுற்றி வாளியில் சேர்க்க வேண்டும். அதைச் சுமந்து ஸ்டோருக்குப் போய் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பகல் பாதி போய்விடும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டே இல்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தெஹியோவிட்டவில் இப்படிப் போகும் நாட்கள் ஏராளம். அந்த இழப்பை ஈடுகட்ட, மழை விட்ட சனி ஞாயிறுகளிலும் மலைக்கு ஏறத்தான் வேண்டும்.

இப்போது இந்த மனிதருக்கு நாம் வகுப்பு வைக்கிறோம். எப்போது? சனிக்கிழமை காலை எட்டரைக்கு. எங்கே? பஸ் ஏறிப் போக வேண்டிய அவிசாவளையில், அல்லது கரவனெல்லையில்.

வளர்ந்தோருக்கான சாதாரண தர வகுப்பொன்றில் நான் கணிதம் படிப்பித்த காலத்தில் ஒரு பெண் வந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய், பால் வெட்டுகிறவர். ரப்பர் பாலின் கிலோக் கணக்கை மனதிலேயே போட்டு, கணக்கப்பிள்ளை எழுதியதில் பிழை கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி. வீதம், விகிதம் எல்லாம் அவருக்கு ஒருமுறை சொன்னால் போதும். ஆனால் அவர் வகுப்புக்கு வந்தது மழை பெய்த சனிக்கிழமைகளில் மட்டும். வெயில் காய்ந்தால் அவருடைய இடம் வெறுமையாக இருக்கும். பின்னமும் அட்சரகணிதத்தின் தொடக்கமும் வெயில் நாட்களில் நடந்துவிட்டன. மழை நாளில் வந்து உட்கார்ந்தபோது, நடுவில் காணாமற்போன ஒரு படியில் கால் வைக்கத் தேடுவதுபோல் தடுமாறினார். மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டார். வகுப்பை ஒழுங்கு செய்தவர்களின் அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே ‘ஆர்வக் குறைவு’ என்று இருந்தது.

மேடையில் சொல்கிற பிரித்துக் காட்டல் இப்படித்தான் நடக்கிறது. அந்தப் பெண் விலக்கப்பட்டது ஆர்வத்தால் அல்ல. அதே வகுப்பில் கடைசிவரை வந்து தேறியவர்களையும் எனக்குத் தெரியும். ஒருவருக்கு அம்மா இன்னும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் நாட்சம்பளப் பதிவேட்டில், இருந்தார். இன்னொருவரின் அக்கா குவைத்திலிருந்து பணம் அனுப்பினார். மூன்றாமவர் கல்யாணமாகாத இளைஞர், அண்ணனின் கொழும்புச் சம்பளத்தில் வீடு ஓடியது. நான்கு பேர் இருக்கிற வீட்டில் இன்னொருவர் உழைத்துக்கொண்டிருந்தால் ஒருவர் படிக்கலாம். உழைப்பவரே அவர் என்றால் முடியாது. சிரமம் அளந்து காட்டியது வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதை மட்டுமே. படம் போட்டுப் பாராட்டுகிற இதழ், அந்தப் படத்துக்குப் பின்னால் கூடுதல் கிலோ எடுத்த அம்மாவையும் வீட்டு வேலைக்காகக் கடல் கடந்த அக்காவையும் கேட்டு எழுதுவதில்லை. ஒருவரின் தொழில் மாற்றத்துக்கு இரண்டு பேரின் நாட்கள் செலவாகியிருக்கின்றன, அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இது தனிப்பட்ட வீடுகளின் கதை மட்டும் என்று ஒதுக்க முடியாது. தோட்டப் பாடசாலைகளுக்காக 2015இல் நியமிக்கப்பட்ட உதவி ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். அண்மைக் காலத்தில் மலையகத்தில் நடந்த பெரிய தொழில் மாற்றங்களில் ஒன்று அது. உயர்தரம் முடித்துவிட்டுக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருந்த இளைஞர், யுவதிகள் பலர் அதில் சேர்ந்தார்கள், பின்னர் ஆசிரியர் கலாசாலைகளில் பயின்றார்கள். பெயர்ப்பலகையில் ‘கே/தெஹி’ என்று தொடங்கும் எங்கள் பாடசாலைகளுக்கும் அதனால் ஆசிரியர்கள் கிடைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி, தோட்டத் தொழிலாளிக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 620 ரூபாய். மாதம் இருபது நாள் வேலை செய்தால் 12,400. வகுப்பறையில் நின்று படிப்பித்தவருக்கு மலையில் நின்ற அம்மாவின் சம்பளத்தில் பாதிகூட இல்லை. கொடுப்பனவு 10,000 ரூபாயாக உயர்ந்த பிறகும் அவர்கள் அந்த இருபது நாள் கணக்கை எட்டவில்லை. ஆசிரியர் சேவைக்குள் முறையாக உள்வாங்கப்பட வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் அவர்களைத் தாங்கியது யார் என்று கேட்டால் பதில் மறுபடியும் செக்ரோலில்தான் இருக்கிறது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். நிரந்தர நியமனம் பெற்ற அரச ஆசிரியர் ஒருவர் கலாசாலைக்குப் பயிற்சிக்குப் போனால் முழுச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஏற்கெனவே தொழிலில் காலூன்றியவருக்குப் படிக்கும் நாளுக்குச் சம்பளம். தொழிலை மாற்றிக்கொள்ளத் துடிக்கிற நாட்சம்பளக்காரருக்கு அறிவுரை. சிரமப்பட்டுப் படித்தால்தான் அருமை தெரியும் என்று மேடையில் சொல்கிறவர்களில் பலர் சம்பளத்துடன் விடுப்பெடுத்துப் படித்தவர்கள். அவர்களுக்கு அந்தப் படிப்பின் அருமை தெரியாமலா போய்விட்டது?

தோட்டத்துச் சம்பள முறையோ இன்னும் ஒரு படி மேலே போய், வகுப்புக்குப் போகிறவரைத் தண்டித்தே வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வரவுக்கான ஊக்குவிப்பு 60 ரூபாய். வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 60. வகுப்புக்காக மாதத்தில் சில நாட்களை விட்டவர் அந்த நாட்களின் சம்பளத்தை இழப்பதோடு, வந்த நாட்களுக்கான ஊக்குவிப்பையும் சேர்த்து இழக்கக்கூடும். 2019 ஒப்பந்தத்தில் அந்த ஊக்குவிப்பு இல்லாமல் போனது. இப்போது 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, அதற்கு மேல் நாளுக்கு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பை அரசே கொடுப்பதாக அறிவித்திருக்கிறது. சம்பளம் கூடுவதை வரவேற்கிறேன். ஆனால் வரவு என்றால் மலைக்கு வருவது மட்டும்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். 1973இல் இத்தாலியின் உலோகத் தொழிலாளர்கள் தங்கள் தேசிய ஒப்பந்தத்தில் மூன்று வருடத்துக்கு 150 மணி நேரம் சம்பளத்துடன் படிக்கும் உரிமையை வென்றார்கள். தொழிற்சாலை 150 மணி நேரம் தந்தால், தொழிலாளி தன் சொந்த நேரத்தில் இன்னொரு 150 மணியைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலானோர் அதைக் கொண்டு செய்தது என்ன தெரியுமா? சிறுவயதில் தவறவிட்ட நடுநிலைப் பள்ளிச் சான்றிதழை எழுதி எடுத்தார்கள். நமது சாதாரண தரத்தைப் போல, அது இல்லாமல் அடுத்த கதவு திறக்காது. பின்னர் அந்த வகுப்புகளுக்கு வேலையில்லாதவர்களும் குடும்பப் பெண்களும்கூட வந்தார்கள். அடுத்த வருடமே, 1974இல், சர்வதேச தொழில் தாபனம் சம்பளத்துடனான கல்வி விடுப்புக்கென்று 140ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்திய செய்தி இது. இத்தாலியத் தொழிலாளிக்குப் படிப்பில் ஆர்வம் போதாது, அதனால்தான் சம்பளம் கேட்டான் என்று யாராவது சொல்வார்களா?

நமது தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் கூட்டு ஒப்பந்தம் பேசின. அந்த மேசையில் படிப்பு நாள் ஒரு கோரிக்கையாக ஏறியதாக எனக்கு நினைவில்லை. ஏன் ஏறும்? சந்தா செக்ரோலிலிருந்து வருகிறது. செக்ரோலை விட்டு ஓர் ஆள் கௌரவமாக வெளியேறுவதற்கு வழி செய்து கொடுப்பதில் சங்கத்துக்கு என்ன இலாபம்? அதற்குப் பதிலாகச் சான்றிதழ் விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்வது சுலபம். நிருவாகங்களோ, ஆள் பற்றாக்குறை, படிக்க வைத்தால் போய்விடுவார்கள் என்கின்றன. போகத்தான் போவார்கள், அதற்குத்தான் படிப்பு. படிக்க விடாவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், கொழும்புக் கடைகளுக்கும் அவிசாவளை சீதாவக்க ஏற்றுமதி வலயத்துக்கும் வளைகுடாவுக்கும். எந்தத் தகைமையும் இல்லாமல், கிடைத்த சம்பளத்துக்குப் போகிறார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். கொப்பியும் புத்தகப் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற அமைப்புகளைப் பற்றி நான் கடுமையாகச் சொன்னால் அவர்கள் மனம் நோகும். நோகட்டும். அந்தப் பையின் விலைக்கு அந்தத் தாயின் இரண்டு சனிக்கிழமைகளை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

150 மணி நேரத்தை எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் பத்தொன்பது நாள்கூட இல்லை. மூன்று வருடத்துக்குப் பகிர்ந்தால் வருடத்துக்கு ஆறேகால் நாள். 1,550 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் ஆளுக்கு வருடம் பத்தாயிரம் ரூபாயை எட்டாது. ரப்பர் இலை உதிர்த்துப் பால் குறைகிற பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வகுப்புகளில் பெரும் பகுதியை வைத்தால் தோட்டத்துக்கும் அதிக நட்டமில்லை. மீதியை மழைக்காலத்தில், பாடங்களை ஒன்றை ஒன்று சாராத சிறு பகுதிகளாகப் பிரித்து, தவறவிட்டதை அடுத்த மழை நாளில் பிடித்துக்கொள்ளும் வகையில் நடத்தலாம். இதற்கு ஆணைக்குழு வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். அரசு தருவதாகச் சொல்லும் 200 ரூபாயிலிருந்தே தொடங்கலாம்: வகுப்பு இடாப்பில் கையெழுத்து உள்ள நாளையும் வரவாகக் கொள்வது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த சம்பளப் பேச்சில் நிருவாகம் மீதியைத் தரட்டும் என்று சங்கங்கள் கேட்கட்டும். அந்த வரி எழுதப்படும்வரை, சான்றிதழ் மேடைகளில் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள், வகுப்பிலிருந்து நின்றுபோனவர்களின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.